மார்கழிக் கோலம், தையல் மிஷின், தட்டடவு: உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா?

தோபாயோ வாசகி | 5 ஜனவரி 2025, இரவு 9.40

மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் வாசலில் கோலம், 20 நிமிஷம். ராத்திரி தையல், 2 மணி நேரம். சனிக்கிழமை சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கான பரதநாட்டிய வகுப்பு, தரையில் காலைத் தட்டுற தட்டடவோட, 1 மணி நேரம். வயசு 49. இதுக்கு மேல ஜிம்முக்கும் போகணும்னு வீட்ல நச்சரிப்பு. குனிஞ்சு நிமிர்றது, மிதிக்கிறது, ஆடுறது எல்லாம் உடம்பு வேலைதானே? கணக்கில் சேரும்ங்கிறது என் கட்சி. சேராதுன்னா ஏன்னு சொல்லுங்க. "யோகா பண்ணுங்க சிஸ்டர்"னு மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

எலும்புக்காரி | 5 ஜனவரி, இரவு 10.55

ஒண்ணு சேரும், ஒண்ணு சேராது, ஒண்ணைக் கழிக்கணும். நடனம் சேரும். கோலம் சேராது. தையல் கழித்தல்.

2022-ல் இங்கே சிங்கப்பூரில் வந்த உடலியக்க வழிகாட்டி பெரியவங்ககிட்ட கேட்கிறது இரண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடம்பு அசையணும். அதோட வாரத்தில் 2 நாளாவது தசைக்கு பலம் சேர்க்கிற வேலை. மிதமான வேகம்னா பேச முடியணும், பாட முடியக்கூடாது. கோலம் போட்டுக்கிட்டே முப்பது பாசுரத்தையும் ராகத்தோட பாடிடலாம். அப்போ அது மிதமான வேகமே இல்லை.

நடன வகுப்பு 1 மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. ஒரு சனிக்கிழமை கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு, கால் அசையும்போது மட்டும் ஓட விடுங்க. நமஸ்காரம், டீச்சர் விளக்கம், அடுத்த வரிசை ஆடும்போது காத்திருக்கிறது, தண்ணி குடிக்கிறது எல்லாம் போனா பெரியவங்க வகுப்பில் பாதி நேரம் மிஞ்சினாலே நல்ல வகுப்பு. 30 நிமிஷம்னு எழுதிக்குங்க. 150-க்கு இன்னும் 120 பாக்கி.

தையல் எப்படிக் கழித்தல்னு நாளைக்கு எழுதறேன். அதுக்குள்ள ஊசிநூல் அக்கா சண்டைக்கு வந்துடுவாங்க.

சிக்குக்கோலம் | 6 ஜனவரி, காலை 7.10

கோலம் சேராதுன்னு ஒரே வரியில் தள்ளிட்டீங்களே. 15 புள்ளி, 8 வரைக்கும் ஊடுபுள்ளி. 120 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் கை நீளுது, இடுப்பு சாயுது. 120 தடவை!

எலும்புக்காரி | 6 ஜனவரி, காலை 8.25

முதல்ல புள்ளிக்கணக்கு. 15 பெருக்கல் 8 நேர்ப்புள்ளிக்குத்தான் சரி. ஊடுபுள்ளியில் நடுவரிசை 15, மேலயும் கீழயும் ஒவ்வொண்ணாக் குறைஞ்சு 8-ல் நிக்கும். 8-லிருந்து 14 வரை கூட்டினா 77. இரண்டு பக்கமும் 154. நடுவில் 15. மொத்தம் 169.

நீங்க சொன்னதைவிடக் கூடத்தான். இருந்தும் கட்சி ஜெயிக்கலை. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 5 செ.மீ.ன்னா 15 புள்ளிக்கு அகலம் 70 செ.மீ. குந்தினபடியே கை எட்டுற தூரத்தில் முக்கால் கோலம் முடிஞ்சிடும். 169 புள்ளியும் வச்சு, சிக்கும் இழுத்து முடிக்கிறதுக்குள்ள மொத்தமா எழுந்திரிக்கிறது இரண்டு தடவை, மிஞ்சிப்போனா மூணு. மீதி 20 நிமிஷமும் முதுகு வளைஞ்சு ஒரே நிலையில். அசையாம இருக்கிறதை அசைவுக் கணக்கில் எழுத முடியாது.

சிக்குக்கோலம் | 6 ஜனவரி, காலை 8.31

169. ஒத்துக்கிறேன். காபி இன்னும் குடிக்கலை.

ஊசிநூல் | 6 ஜனவரி, மதியம் 1.15

சண்டைக்கு வரலை. தையல் கழித்தல்தான். ஆனா கழியுறது தையலால் இல்லை, உட்கார்ற விதத்தால். நாற்பதுக்கு மேல தையல் வகுப்புக்கு வர்றவங்க கழுத்து வலின்னு வந்து நின்னா பாதிப் பேருக்குக் காரணம் கழுத்தே இல்லை, கண்ணாடி.

படிக்கிற கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்குச் செஞ்சது. மிஷின் முன்னால நிமிர்ந்து உட்கார்ந்து, டேப் எடுத்து கண்ணுக்கும் ஊசிமுனைக்கும் நடுவில் அளந்து பாருங்க. பெரும்பாலும் 50 செ.மீ. பக்கம் வரும். அந்த 10 செ.மீ.யை ஈடுகட்டத்தான் தலை முன்னால போகுது, தோளும் அதோடவே போகுது. புரோக்ரசிவ் கண்ணாடி போட்டவங்களுக்கு வேற தொல்லை. கிட்டப் பார்க்கிற பாகம் கண்ணாடியின் அடியில் இருக்கிறதால முகவாயைத் தூக்கி ஊசியைப் பார்ப்பாங்க. 2 மணி நேரம் அப்படி இருந்தா பின்கழுத்து கல்லாயிடும். கண்ணாடிக் கடையில் "தையலுக்கு, 50 செ.மீ.க்கு, ஒரே பவரில்"னு தனியா ஒண்ணு கேளுங்க. மலிவான ஃபிரேம் போதும்.

நாற்காலியும் தாழ்வா இருக்கும். தோள் தொங்கணும், முழங்கை மிஷின் தட்டுக்குச் சமமாவோ ஒரு விரல் மேலயோ இருக்கணும். சாப்பாட்டு மேஜை மேல மிஷினை வச்சுட்டு அதே செட் நாற்காலியில் உட்கார்ந்தா முழங்கை கண்டிப்பா கீழ போயிடும், தோள் காதுக்கு ஏறிடும். கெட்டியான திண்டு போட்டு உயருங்க. உயர்ந்ததும் கால் பெடலுக்கு எட்டலைன்னா பெடலை ஒரு பலகை மேல ஏத்துங்க. டைலில் பெடல் வழுக்கி வழுக்கி முன்னால ஓடும், கால் அதைத் துரத்தும், இடுப்பு திருகும். அடியில் வழுக்காத ரப்பர் வலைத்துணி ஒரு துண்டு வெட்டி வச்சா நின்னுடும்.

எலும்புக்காரி | 6 ஜனவரி, மாலை 6.50

படிக்கிற கண்ணாடி விஷயம் அருமை. எனக்குத் தோணாத கோணம்.

இப்போ கோலத்துக்கு வர்றேன். கேட்டவங்க குந்தி எழுந்தா போதும்னு நினைக்கிறாங்க. அந்த எழுந்திரிக்கிற பாகத்தை மட்டும் பிரிச்சு எடுத்தா அது நிஜமான பயிற்சி. செய்முறை:

சாப்பாட்டு மேஜை நாற்காலி, சக்கரம் இல்லாதது. நாற்காலியோட முதுகு சுவரோட ஒட்டி நிக்கட்டும். இருக்கை உயரம் 43 செ.மீ. பக்கம். பாதம் இடுப்பகலம், முட்டிக்குக் கொஞ்சம் பின்னால. கை மார்பில் குறுக்கே. இடுப்பிலிருந்து முன்னால சாய்ங்க, மூக்கு பெருவிரலுக்கு நேரா வந்ததும் மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திரிங்க. உட்கார்றப்போ மனசுக்குள்ள 3 எண்ணுங்க. தொப்புன்னு விழுந்தா பாதிப் பலன் போச்சு, இறங்கும்போதுதான் தொடை அதிகம் படிக்குது. 10 தடவை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

30 வினாடிக்கு எத்தனைன்னு முதல் நாளே எண்ணி வச்சுக்குங்க. 60 முதல் 64 வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தா சராசரிக்கும் கீழேன்னு கணக்கு. 49-ல் அதே 12-ல் நின்னா இப்பவே வேலை ஆரம்பிக்கணும்.

15 சுலபமா வந்ததும் உயரத்தைக் குறைங்க. 43-லிருந்து 30 செ.மீ. ஸ்டூல், அப்புறம் கோலம் போடுற 20 செ.மீ. முக்காலி. கோலத்துக்கு உட்கார்ந்து எதையும் பிடிக்காம எழுந்திரிக்கிறதுதான் இலக்குன்னு வச்சுக்கிட்டா சலிக்காது.

எங்கே கெடும்? முட்டி இரண்டும் உள்பக்கம் சாயும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவில்லைன்னு அர்த்தம். உடற்பயிற்சி ரப்பர் பேண்டை முட்டிக்கு மேல வளையமாக் கட்டி, அதை வெளியே தள்ளிக்கிட்டே எழுந்திரிச்சா தானா நேராகும். முட்டி வலியைப் பத்துக்கு மார்க் போட்டுப் பாருங்க. 3 வரைக்கும் பொறுக்கலாம், மறுநாள் காலையில் போயிடணும். போகலைன்னா ஸ்டூலை உயர்த்துங்க, நிறுத்த வேண்டாம்.

சிக்குக்கோலம் | 7 ஜனவரி, காலை 7.02

அப்போ ஒவ்வொரு வரிசைப் புள்ளியும் வச்சதும் எழுந்து நின்னு, மறுபடி குந்தினா? 15 வரிசை, 15 எழுச்சி. கோலமும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு.

எலும்புக்காரி | 7 ஜனவரி, காலை 7.40

பிரமாதம். இதையே செய்யுங்க எல்லாரும்.

சிக்குக்கோலம் | 8 ஜனவரி, காலை 7.20

சொன்ன வாயாலேயே வாபஸ். எழுந்து உட்கார்ந்தா கண் இருக்கிற இடம் மாறுது. முதல் வரிசை நேரா இருந்த கோணம் இரண்டாவதுக்கு இல்லை. ஐந்தாவது வரிசைக்குள்ள புள்ளி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். ஊடுபுள்ளியில் அரை விரல் தப்பினா சிக்கு மூடாது, கடைசியில் இழை தொங்கும். புள்ளி வைக்கிறதை ஒரே அமர்வில்தான் முடிக்கணும். இழை இழுக்கும்போது வேணும்னா இடம் மாறலாம்.

எலும்புக்காரி | 8 ஜனவரி, இரவு 9.15

நானும் வாபஸ். நாள் முழுக்க இது மனசில் ஓடிச்சு. கோலத்தைப் பயிற்சியாக்கினா கோலம் கெடும், பயிற்சியும் அரைகுறையா நிக்கும். கோலம் கோலமாகவே இருக்கட்டும். அதுக்கு முன்னால 10 தடவை நாற்காலிப் பயிற்சி பண்ணிட்டு வாசலுக்குப் போங்க. தொடை சூடாகி இருக்கும், குந்துறது சுலபம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 20 நிமிஷம் வளைஞ்சிருந்தா முதுகுத்தண்டைப் பிடிச்சிருக்கிற நார் தளர்ந்து நீளும். கோலம் முடிஞ்ச கையோட தண்ணி வாளியையோ அரிசி மூட்டையையோ தூக்குறதுதான் முதுகு பிடிச்சுக்கிற நேரம். எழுந்து கையை இடுப்பில் வச்சு பின்னால 5 தடவை மெதுவா வளைஞ்சு, ஒரு நிமிஷம் நடந்துட்டு அப்புறம் தூக்குங்க.

புளோக் காத்தாயி | 8 ஜனவரி, இரவு 9.50

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கோலத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. ஆனா முக்காலி, மாவு டப்பா, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் அங்கேயே விட்டுட்டுப் போகாதீங்க. தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி காலியா இருக்கணும்.

அரிசி மாவு இங்கத்த ஈரக்காத்தில் கட்டி கட்டியாப் பிடிச்சுக்கும், இழை நடுவில் அறுந்து அறுந்து விழும். பச்சரிசியை ரவைப் பதத்துக்கு அரைச்சு, ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு கோலப்பொடி கலந்தா விரலிலிருந்து ஒழுகும். நைஸ் மாவு வேண்டவே வேண்டாம். எறும்பும் குறையும்.

சலங்கை | 10 ஜனவரி, மாலை 5.30

நடனம் சேரும்னு சொன்னதுக்கு நன்றி. ஆனா எப்படி ஆடினா முட்டிக்குச் சேதம்னும் சொல்லணும். நாற்பதுக்கு மேல முதன்முதலா அரைமண்டி (முட்டியை வெளிப்பக்கமா மடக்கிப் பாதி உட்கார்ற நிலை) உட்கார்றவங்க எல்லாரும் ஒரே தப்புதான் பண்றாங்க. பாதத்தை முதல்ல அகலமாத் திருப்பி வச்சுட்டு அப்புறம் மடங்குவாங்க. இடுப்பு அவ்வளவு திரும்பாது. மீதித் திருப்பத்தை முட்டி தாங்கும், உள்பாதம் சரியும். ஆறு வாரத்தில் முட்டியின் உள்பக்கம் வலி.

சரியான கோணத்தைக் கண்டுபிடிக்க, குதிகால் சேர்த்து முட்டி நீட்டி நில்லுங்க. பாதத்தைத் தொடாதீங்க. தொடையை மட்டும் வெளியே சுழற்றுங்க. பாதம் எவ்வளவு பின்தொடர்ந்து வருதோ அதுதான் உங்க கோணம். மடங்கும்போது முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேரா போகணும். கண்ணாடி இல்லைன்னா இரவில் ஜன்னல் கண்ணாடி போதும். ஆழம் பத்திக் கவலை வேண்டாம். முழு அரைமண்டி வராட்டா கால்மண்டி, டீச்சர் முறைச்சாலும் கால்மண்டி.

தட்டடவு வீட்டில் தட்டாதீங்க. கான்கிரீட் மேல டைல், கொஞ்சமும் கொடுக்காது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் முன்பக்கம் வலிக்கும். குழந்தைங்க விளையாடுற பஞ்சுப் பாய் போட்டா அது வேற அபாயம். ரொம்ப மெத்து, கணுக்கால் ஆடும், விளிம்பில் விரல் மாட்டும். வீட்டில் ஓசையில்லாம கால் வைச்சு தாளம் மட்டும், தட்டுறது மன்றத்து மரத்தரையில். கீழ்வீட்டுக்காரரும் நிம்மதி. இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரம்னு வேற இருக்கு.

தோபாயோ வாசகி | 10 ஜனவரி, இரவு 8.05

கேட்க வெட்கமா இருந்த ஒண்ணை இங்கேயே கேட்டுடறேன். இரண்டாம் காலம், மூணாம் காலம்னு வேகம் கூட்டித் தட்டும்போது சிறுநீர் கசிவு. வகுப்பில் இன்னும் மூணு பேருக்கு. விட்டுடலாமான்னு ஒருத்தர் யோசிக்கிறாங்க.

எலும்புக்காரி | 10 ஜனவரி, இரவு 8.40

விட வேண்டாம். இடுப்புத்தளத் தசைக்குத் தனிப்பயிற்சி. காத்து பிரியாம அடக்குற மாதிரி பின்பக்கமிருந்து முன்பக்கமா இழுத்து மேல தூக்கணும். 8 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். ஒவ்வொண்ணும் சில வினாடி பிடிச்சு, அதே அளவு நேரம் முழுசா விடணும். விடுறதும் பயிற்சியில் பாதி.

கெடுறது மூணு இடத்தில்: மூச்சை அடக்குறது, பிட்டத்தை இறுக்குறது, சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுறது. கடைசியா சொன்னதைப் பலர் அறிவுரையாவே கொடுக்கிறாங்க. பழக்கமாச் செய்யக்கூடாது. தட்டுறதுக்கு ஒரு நொடி முன்னால இறுக்கிப் பிடிக்கக் கத்துக்குங்க, இருமலுக்கும் தும்மலுக்கும் அதே உத்தி. 3 மாசம் ஒழுங்காச் செஞ்சும் குறையலைன்னா பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி இதுக்கான பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்க. எரிச்சலோ ரத்தமோ இருந்தா 3 மாசம் காத்திருக்க வேண்டாம்.

சலங்கை | 10 ஜனவரி, இரவு 9.00

கசிவுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணி குடிக்காம வகுப்புக்கு வர்றவங்களும் உண்டு. சிறுநீர் கெட்டியானா பையை உறுத்தி அவசரம் கூடும். குடிச்சுட்டே வாங்க, ஆடுறதுக்கு முன்னால ஒரு தடவை போயிட்டு வாங்க.

எலும்புக்காரி | 12 ஜனவரி, காலை 10.20

எலும்புக்கு வருவோம், பேரே அதுதானே. மாதவிடாய் நின்ன முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பு வேகமாக் கரையும். வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு ஒண்ணு உண்டு. வயசிலிருந்து கிலோ எடையைக் கழிங்க. 20-க்கு மேல வந்தா எலும்பு மெலிவுக்கு அதிக வாய்ப்பு, 0 முதல் 20 நடுத்தரம், அதுக்குக் கீழே குறைவு. 58 வயசு, 45 கிலோன்னா 13, நடுத்தரம். ஆசியப் பெண்களுக்காகவே 2001-ல் வந்த கணக்கு.

ஊசிநூல் | 12 ஜனவரி, காலை 11.00

49 வயசு, 68 கிலோ. கழிச்சா மைனஸ் 19. குண்டா இருக்கிறதுக்கு முதல் தடவையா ஒரு நல்ல செய்தி.

எலும்புக்காரி | 12 ஜனவரி, மதியம் 12.10

அவசரத்தில் ஒரு வரி விட்டுட்டேன். இந்தக் கணக்கு மாதவிடாய் நின்னவங்களுக்கு மட்டும். 49-ல் இன்னும் வந்துக்கிட்டிருந்தா செல்லாது. லேசா விழுந்ததுக்கே எலும்பு முறிஞ்சவங்க, ஸ்டீராய்டு மாத்திரை நாள்கணக்காச் சாப்பிட்டவங்க, அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சவங்க, இவங்களுக்குக் கழித்தலில் எந்த எண் வந்தாலும் டாக்டர்கிட்ட பேச்சை எடுக்கணும். இது ஸ்கேன் வேணுமான்னு யோசிக்கத்தான், ஸ்கேனுக்குப் பதில் இல்லை.

எலும்பு கேட்கிறது கனமும் அதிர்ச்சியும். தட்டடவில் அதிர்ச்சி இருக்கு, அதான் நடனம் சேரும்னேன். நீச்சல் இதயத்துக்கு நல்லது, தண்ணி உடம்பைத் தாங்கிடுறதால எலும்புக்கு அவ்வளவா இல்லை. 1 கிலோ ரோஸ் டம்பெல் எதுக்கும் இல்லை. தேக்கா மார்க்கெட்டிலிருந்து தூக்கிட்டு வர்ற காய்கறிப் பையே அதைவிடக் கனம்.

ஆஸ்திரேலியாவில் லிஃப்ட்மோர்னு ஒரு ஆய்வு, 2018-ல் அச்சானது. மாதவிடாய் நின்ன, எலும்பு அடர்த்தி குறைஞ்ச 101 பெண்கள். ஒரு பாதி வாரம் 2 நாள், 30 நிமிஷம், 8 மாசம், பயிற்சியாளர் கூடவே நின்னு, நிஜமாவே கனமான எடை தூக்கினாங்க, 5 தடவை 5 சுற்று. முதுகெலும்பில் அடர்த்தி கூடிச்சு. வீட்டில் லேசான பயிற்சி செஞ்ச மறுபாதிக்குக் கூடலை. "கூடவே நின்னு"ங்கிறதைத் தாண்டிப் படிச்சுடாதீங்க. யூடியூப் பார்த்து அந்தக் கனத்துக்குப் போகக்கூடாது.

எலும்புக்காரி | 12 ஜனவரி, மதியம் 12.35

வீட்டில் தொடங்க 5 கிலோ அரிசிப் பை, காதோட வர்றது. கால் இடுப்பகலம், பை இரண்டு பாதத்துக்கும் நடுவில். பின்பக்கத்தால கார்க்கதவை மூடுற மாதிரி இடுப்பைப் பின்னால தள்ளுங்க. முட்டி லேசா மடங்கும், முதுகு பலகை. பையைப் பிடிச்சு மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திரிங்க. 8 முதல் 12 தடவை. கடைசி இரண்டு தடவை முக்கலோட வரணும். சும்மா வந்தா 10 கிலோ பைக்கு மாறுங்க. அதுவும் சும்மா வர்ற நாள்தான் ஆக்டிவ்எஸ்ஜி (அரசு நடத்துற) ஜிம்முக்குப் போற நாள். அதுவரைக்கும் ஜிம் வேண்டாங்கிறதில் வாசகி கட்சிக்கு அரை வெற்றி.

ஊசிநூல் | 15 ஜனவரி, மதியம் 2.45

பொங்கல் முடிஞ்சது. கைக்கு வருவோம்.

ராத்திரி தூக்கத்தில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் உதறிக்கிட்டு எழுந்தா மணிக்கட்டில் நரம்பு அழுந்துது. கத்தரிக்கோல் பிடிக்கும்போது பெருவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு ஓரமா சுருக்குன்னா அது நரம்பு இல்லை, தசைநாண் உறை. காலையில் விரல் மடங்கி டக்குன்னு விடுபட்டா அது மூணாவது வகை, சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அதிகம். மூணையும் "கைவலி"ன்னு ஒரே தைலத்தில் கரைக்காதீங்க.

10 அங்குலக் கத்தரி வேண்டாம், ப்ளவுஸ் பிட்டுக்கு 8 போதும். சாணை பிடிச்சு வைங்க. மழுங்கின கத்தரிதான் பெருவிரலைக் கெடுக்குது. தரையில் விரிச்சுக் குனிஞ்சு வெட்டாம சமையல் மேடையில் நின்னுக்கிட்டு வெட்டுங்க. அகலம் 60 செ.மீ., ப்ளவுஸுக்கு எதேஷ்டம், பாவாடைக்குப் போதாது. எண்ணெய் துடைச்சு பழைய படுக்கைவிரிப்பு போட்டுக்குங்க. குரோஷே பின்னுறவங்க 4 மி.மீ. கொக்கியில் விரல் வலிச்சா பிடிமேல ரப்பர் உறை ஏத்திப் பருமனாக்குங்க. பருமனா இருந்தா இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இங்கத்த வேர்வைக்குப் பருத்தி நூல் விரலில் ஒட்டும், ஒட்ட ஒட்ட இறுக்கம் கூடும். கை கழுவித் துடைச்சுட்டு உட்காருங்க.

பாபின் (மிஷினில் அடிநூல் சுத்துற உருளை) ஒண்ணு காலியானா எழுந்து நடங்க. அலாரம் வச்சா அணைச்சுட்டுத் தைப்போம். பாபின் தீர்ந்தா எப்படியும் நிறுத்தித்தான் ஆகணும்.

சிக்குக்கோலம் | 15 ஜனவரி, மாலை 4.00

பாபின் அலாரம், ரொம்பப் பிடிச்சது.

எலும்புக்காரி | 15 ஜனவரி, இரவு 10.10

தையலால் வளைஞ்ச மேல்முதுகுக்கு ரப்பர் பேண்ட் இழுப்பு. பேண்டின் நடுவை முழங்கை உயரத்தில் கட்டி, இரண்டு முனையையும் பிடிச்சு, முழங்கையை விலாவோட உரசிப் பின்னால இழுங்க. தோள்பட்டை எலும்பு இரண்டும் நடுவில் ஒரு பென்சிலைப் பிடிக்கிற மாதிரி. 12 தடவை, 2 சுற்று. நிறத்தில் தொடக்கம் மஞ்சள் அல்லது சிவப்பு, அப்புறம் பச்சை, நீலம். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், இழுத்துப் பார்த்து வாங்குங்க. வாசல் இரும்புக் கதவில் கட்டுறவங்க முதல்ல கதவைப் பூட்டுங்க. திறந்த கதவு முகத்துக்கு வரும். ஜன்னலோரம் காயப்போட்ட பேண்ட் நம்ம வெயிலில் பொரிஞ்சு போகும். மாசம் ஒரு தடவை விளக்குக்கு எதிரே நீட்டிப் பார்த்து ஊசித்துளை தெரிஞ்சா குப்பையில் போடுங்க. அறுந்தா நேரா கண்ணுக்குத்தான் வரும்.

புளோக் காத்தாயி | 19 ஜனவரி, இரவு 8.30

தலைப்பை விட்டு ஓடறேன். பிப்ரவரி 11 தைப்பூசம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் பால்குடம், வெறுங்காலோட. இது சேருமா?

எலும்புக்காரி | 19 ஜனவரி, இரவு 9.20

தாராளமா. 3 கிலோமீட்டருக்கு மேல, தலையில் பாரம், நடுநடுவே காத்து நிக்கிறது. ஆனா வருஷத்தில் ஒரு நாள். தயாராக 3 வாரம் இருக்கு. புளோக் பக்கத்துக் கூழாங்கல் நடைபாதையில் 5 நிமிஷத்தில் ஆரம்பிச்சு, வெயில் தாழ்ந்ததும் சிமெண்ட் நடைபாதையில் வெறுங்காலோட 10, 15, 20 நிமிஷம்னு ஏத்துங்க. குடத்தில் 1 லிட்டர் தண்ணி ஊத்தி வீட்டுக்குள்ள பழகுங்க. கை இரண்டும் மேலேயே இருந்தா தோள் மரக்கும், வலது இடதுன்னு மாத்திப் பிடிக்கணும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சவங்க வெறுங்கால் பயிற்சியும் வேண்டாம், அன்னிக்கு நடக்கிறதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. கொப்புளம் வந்ததே தெரியாது.

ஊசிநூல் | 23 ஜனவரி, காலை 11.40

இன்னொரு கேள்வி நிறைய வருது. 40 வயசு தாண்டின சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாசம் வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் (திறன் பயிற்சிக்கு அரசு கொடுக்கிறது) தையல் வகுப்பு, ஆரி வகுப்புன்னு சேர முடியுமா? அது வேலைக்கான தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும். பொழுதுபோக்கு வகுப்புக்குச் செல்லாது. உடற்பயிற்சிக்குக் காசே வேண்டாம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட இலவச ஸும்பா, கே-பாப் வகுப்புகளுக்கு ஹெல்தி 365 செயலியில் பதிவு பண்ணலாம். கடைசி வரிசையில் நில்லுங்க, குதிக்கிற இடத்தில் நடங்க, யாரும் பார்க்க மாட்டாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க காலைப் பார்க்கவே நேரம் சரியாப் போகும்.

தோபாயோ வாசகி | 26 ஜனவரி, இரவு 9.30

சரி, தீர்ப்பு சொல்லுங்க. என் வாரத்தை எப்படி எழுதறது?

எலும்புக்காரி | 26 ஜனவரி, இரவு 10.15

சனிக்கிழமை நடனம் 30 நிமிஷம். வகுப்புக்கு எம்ஆர்டி ரயிலில் ஒரு ஸ்டேஷன் முன்னால இறங்கி, பாட முடியாத வேகத்தில் நடந்தா போக வர இன்னொரு 30. திங்கள், புதன், வெள்ளி சாப்பிட்ட பாத்திரத்தை ஊற விட்டுட்டு 30 நிமிஷம் நடை. 150 வந்தாச்சு. செவ்வாய், வியாழன் நாற்காலி, அரிசிப் பை, ரப்பர் பேண்ட், மூணும் சேர்த்து 20 நிமிஷம், தையலுக்கு உட்கார்றதுக்கு முன்னால. பின்னால வச்சா நடக்காது, ஹெம்மிங் முடியட்டும், ஊக்கு தைக்கட்டும்னு மணி பதினொண்ணு ஆகும். நாற்காலிப் பயிற்சி மேல சொன்ன மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா ரொம்ப நல்லது, 2 நாள் குறைந்தபட்சம்.

கோலத்துக்கும் தையலுக்கும் கட்டம் போடலை. அதை எந்தக் கணக்கிலும் எழுதாதீங்க. செயலியில் புள்ளி வாங்குறதுக்காகப் பின்னுறதும் தைக்கிறதும் ஆரம்பிச்சா பிடிச்ச வேலை இன்னொரு வீட்டு வேலையா மாறிடும்.

சிக்குக்கோலம் | 26 ஜனவரி, இரவு 10.40

மாவுப் புள்ளி வாங்கலாமா?

புளோக் காத்தாயி | 27 ஜனவரி, காலை 6.55

மேல 20 செ.மீ. முக்காலி பத்தி எழுதினதுக்கு ஒரு திருத்தம். பிளாஸ்டிக் முக்காலியை மாவு சிந்தின டைல் மேல வச்சு எழுந்திரிச்சுப் பழகாதீங்க, சறுக்கிடும். அடியில் ரப்பர் பொத்தான் இருக்கிறதா பார்த்து வாங்குங்க, தரையை ஈரத்துணியால துடைச்சு உலர்ந்ததும் வைங்க.

எலும்புக்காரி | 27 ஜனவரி, காலை 8.00

ஆமாம். ஊசிநூல் அக்காவோட பெடல் ரப்பர் வலைத்துணியில் இன்னொரு துண்டு வெட்டி முக்காலிக்கு அடியிலயும் போடுங்க.